பதினொரு நீதிபதிகளும் நாலு ஏக்கரும்

போன மாதம் பார் ரூமில் உங்களில் இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் பார்லிமெண்ட் கை வைக்கலாமா, கூடாதா என்று பேச்சு. வழக்குகளின் பெயரெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தீர்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "சாருக்கு என்ன அபிப்பிராயம்?" என்று ஒருவர் கேட்டதும் நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். தவறாக நினைத்திருப்பீர்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எனக்குத் திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்புக்குக் கிழக்கே நாலு ஏக்கர் தோட்டமும் அதில் நின்ற ஒரு மனிதரும்தான் ஞாபகத்துக்கு வரும். வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன்.

நான் வக்கீலாகப் பதிவு செய்தது 1951இல். அந்த வருஷம்தான் உச்ச நீதிமன்றம் முதல் தடவையாக இதைப் பற்றிச் சொன்னது: அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு அடிப்படை உரிமைகள் குறுக்கே நிற்காது, பார்லிமெண்ட் நினைத்தால் அவற்றையும் திருத்தலாம் என்று. புது வக்கீலுக்கு இருக்கும் ஆர்வத்தில் அதை வரி வரியாகப் படித்தேன். ஆக, நான் சொல்லப்போகும் தப்பு எனக்குத் தெரியாமல் நடந்தது இல்லை. தெரிந்திருந்தும் நடந்தது.

1964 மார்ச்சில் நம் மாகாணத்து நில உச்சவரம்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பு. பழைய ஜமீன் நிலங்களுக்கு அரசியலமைப்பில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அவற்றை எடுத்தால் கேள்வி கிடையாது. நம் பக்கத்து ரயத்துவாரி பட்டா நிலம், அதாவது உடைமையாளரே நேராகச் சர்க்காருக்கு வரி கட்டும் நிலம், அந்த விதிவிலக்குக்குள் வரவில்லை. அதனால் சட்டம் விழுந்தது. நிலம் அதிகம் வைத்திருந்தவர்கள் பட்டாசு வெடிக்காத குறை.

என் கட்சிக்காரர் ஒரு பண்ணையார். பத்து வருஷமாக அவருடைய வழக்கெல்லாம் என்னிடம்தான். தீர்ப்பு வந்த வாரமே வந்தார்.

"வக்கீல் சார், அந்தக் கெழக்குத் தோட்டத்தை வித்துரலாம்னு பாக்கேன். இனிமே நெலத்தை நம்பி இருக்க முடியாது. மில்லு ஒண்ணு போடணும்."

உச்சவரம்புக்கு மேல் நிலம் உள்ளவர் விற்கக் கூடாது என்ற தடையும் அந்தச் சட்டத்தோடு போயிற்று, விற்கலாம் என்றேன். மூன்றாம் நாள் அந்தத் தோட்டத்தை வாங்கப்போகிறவரும் என்னிடமே வந்தார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீல் ஆலோசனை சொல்வது சின்ன ஊரில் அப்போது சகஜம். சகஜம் என்பதால் சரியாகிவிடாது. முதல் தப்பு அங்கேதான்.

வந்தவர் காதர் மைதீன். பேகம்பூர்க்காரர், நாற்பது வயசு இருக்கும். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலால் மிதித்து, கையால் புரட்டி மயிரை எடுக்கிற வேலை. பத்து வயசில் தொட்டிக்குள் இறங்கியவர். நகங்கள் பாதிதான் இருந்தன. உள்ளங்கை வெளுத்து, வெடித்துக் கிடந்தது.

"உக்காருங்க பாய்" என்றேன். உட்காரவில்லை.

"வக்கீலய்யா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்க அத்தாவும் தொட்டியிலதான் கெடந்து மவுத்தானாக. எம் மகன் அதுல எறங்கக் கூடாது. வீட்டைக் குடுத்துட்டு அந்தத் தோட்டத்தை வாங்கலாம்னு நெனைக்கேன். நீங்க சரின்னா வாங்குறேன். வேணாம்னா தொட்டிக்கே போயிர்றேன்."

என் குமாஸ்தா அப்போதே அறுபதைத் தாண்டியவர். என் அப்பா காலத்திலிருந்து மூன்று வக்கீல்களிடம் வேலை பார்த்தவர். காதர் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐயா, சட்டத்தைக் காப்பாத்த அரசியலமைப்பையே திருத்தப்போறதா பேப்பர்ல போட்டுருக்கான். அது என்னாகுதுன்னு பாத்துட்டுச் சொல்லுவோமே. செத்த பொறுத்தா தோட்டம் எங்கயும் ஓடிராது."

அது நியாயம் என்று பட்டது. காதரைக் காத்திருக்கச் சொன்னேன். ஏப்ரல் கடைசியில் மசோதா ஓட்டுக்கு வந்தது. ஆதரித்தவர்கள்தான் மிகுதி. ஆனால் அரசியலமைப்பைத் திருத்த, சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரித்து ஓட்டுப் போட்டாக வேண்டும். அன்றைக்கு அத்தனை பேர் வரவில்லை. மசோதா தோற்றது.

பேப்பரைக் குமாஸ்தாவிடம் நீட்டி, "பாத்தீங்களா?" என்றேன். அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"ஆளு வராம விழுந்துருக்கு. அடுத்த தடவை ஆளைக் கூட்டிட்டு வந்துருவாகளே ஐயா."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற கோபம். பண்ணையார் வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வாங்குவதற்கு வேறு ஆள் தயார் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார். காதரைக் கூப்பிட்டேன். "வாங்குங்க பாய். செல்லும்" என்றேன்.

மே மாதம் பத்திரம் பதிவானது. நானும் கூடப் போயிருந்தேன். காதருடைய பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தால் வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. ரேகை இல்லை, சுண்ணாம்பு தின்றுவிட்டது. சப்-ரிஜிஸ்ட்ரார் ஐந்து தடவை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் காதர் பயந்து என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் நான் சாட்சி சொல்லி, ஆளை அடையாளம் காட்டி, அந்த வட்டத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் பிரதமர் காலமானார். ஊரே கடையடைத்துத் துக்கத்தில் இருந்தது. அந்தத் துக்கத்துக்கு இடையிலேயே டெல்லியில் மசோதாவை மறுபடி கொண்டுவந்தார்கள். ஜூனில் நிறைவேறியது. ரயத்துவாரி நிலமும் இனி விதிவிலக்குக்குள் வரும். போதாததற்கு, நம் உச்சவரம்புச் சட்டத்தைப் பெயர் சொல்லி ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அதில் சேர்ந்த சட்டம் எந்தக் காலத்திலும் செல்லாததாக இருந்ததில்லை என்று கொள்ள வேண்டும். மார்ச்சில் செத்த சட்டம் ஜூனில் எழுந்து உட்கார்ந்து, நான் சாகவே இல்லை என்றது. நடுவில் நடந்த கிரயம் அந்தரத்தில் தொங்கியது.

குமாஸ்தா அந்தப் பேப்பரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே நான் காதரிடம் போயிருக்க வேண்டும். மூன்று வாரம் போகவில்லை. படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். போனபோது அவர் இடுப்பளவு சேற்றில் நின்று கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். தோல் ஷாப்பு வேலையை விட்டாயிற்று. வீடு கைமாறியாயிற்று. தோட்டத்து மூலையில் கீத்துக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க இருக்கீகள்ல" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த மாதம் பண்ணையார் ஒரு காகிதத்தோடு வந்தார். சட்டப்படி எந்த நிலத்தை வைத்துக்கொள்வது, எதை உபரி என்று விடுவது என்று உடைமையாளரே பட்டியல் கொடுக்கலாம். அவர் உபரி என்று எழுதியிருந்த முதல் சர்வே நம்பர் காதருடைய தோட்டம்.

"இது வித்த நெலம்ங்க" என்றேன்.

"வித்தது செல்லாதுன்னா அது எந்நெலந்தான? எந்நெலத்துல எதை விடணும்னு நான்தான சொல்லணும்? அதை விட்டா ஆத்தோரத்துத் தென்னந்தோப்பு எங்கையில நிக்கும்."

"அந்த ஆளு வீட்டை வித்துட்டு வந்துருக்கான்."

"செல்லும்னு சொன்னது நீங்க, சார். நானா சொன்னேன்?"

பட்டியலை எழுத முடியாது என்று சொல்லி அவருடைய வழக்குக் கட்டுகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். வேறு வக்கீல் அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார். நான் மறுத்ததால் காதருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான்.

காதர் சார்பில் ஆட்சேபம் போட்டேன். நிலத்தைத் தானே உழுது பயிரிடுகிறவனுக்கு அந்தத் திருத்தத்திலேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. அதைக் காட்டி வாதாடினேன். உடைமையாளனாக இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு; கிரயமே செல்லாது என்றால் காதர் உடைமையாளர் இல்லை என்று அதிகாரி தள்ளினார். தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போய், நிலத்தை எடுக்காதபடி தடை வாங்கினேன். அதற்குள் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர்களில் இரண்டு பேர் சந்தேகத்தை எழுதி வைத்திருந்தார்கள். அடிப்படை உரிமைகளை இவ்வளவு சுலபமாக மாற்றிக்கொண்டே போகலாமா என்று. அந்த இரண்டு பேருடைய பக்கங்களை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு வாய்தா மேல் வாய்தா வாங்கினேன்.

1966இல், பஞ்சாபிலிருந்து ஒரு குடும்பம் போட்ட வழக்கைப் பதினொரு நீதிபதிகள் கேட்கப்போவதாகத் தெரிந்தது. அதுவரை அத்தனை நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. அதே சமயத்தில் நம் ஊரில், நில அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்.

"சார், அந்தப் பாய் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கட்டும். நிலம் உபரின்னு ஆகட்டும். நிலமில்லாத விவசாயின்னு அவரே மனுப் போடட்டும். வீடும் கிடையாது, தோல் ஷாப்பு வேலையும் கிடையாது. உழுதுக்கிட்டு இருக்கார். நான் சிபாரிசு பண்றேன். முழுசும் கிடைக்காட்டாலும் கிணத்தோட பாதி கிடைக்கும்."

காதரையும் அவர் மனைவி ஹவ்வா பீவியையும் வரச்சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன். ஹவ்வா பீவி உடனே சொன்னார்:

"பாதின்னாலும் வாங்கிக்கிருவோம்யா. கஞ்சி குடிச்சுக்கிருவோம். இந்த நெனப்போடயே படுத்துத் தூங்க முடியல."

காதர் என்னைப் பார்த்தார். "நீங்க என்னய்யா சொல்றீக?"

நான் சொன்னேன்: "பொறுங்க பாய். டெல்லியில பதினோரு பேரு உக்காரப்போறாங்க. திருத்தம் செல்லாதுன்னு சொல்லிட்டா நாலு ஏக்கரும் உங்களுக்கு. யாருகிட்டயும் மனுப் போட வேண்டியதில்ல."

அதை அவருக்காகத்தான் சொன்னேன் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் நிஜம். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற அந்தப் பெரிய கேள்வி, திண்டுக்கல்லில் என் மேஜைமேல் ஒரு கட்டாகக் கிடந்தது. அந்தக் கட்டைக் கை நழுவ விட எனக்கு மனசில்லை. நான் ‘செல்லும்’ என்று சொன்னது சரிதான் என்று பதினொரு நீதிபதிகள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஹவ்வா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

1967 பிப்ரவரிக் கடைசி. தேர்தல் முடிந்து ஆட்சி மாறப்போகிற நேரம். தெருவெல்லாம் ஊர்வலம், வேட்டு. அந்தச் சத்தத்தில் டெல்லித் தீர்ப்பை யார் கவனித்தார்கள்? பேப்பரைப் பிரித்தேன். பதினொரு பேரில் ஆறு பேர் ஒரு பக்கம். அடிப்படை உரிமைகளைப் பறிக்கவோ குறைக்கவோ பார்லிமெண்டுக்கு அதிகாரம் இல்லை. எழுந்து நின்றுவிட்டேன். "ஜெயிச்சுட்டோம்" என்று கத்தினேன். குமாஸ்தா எழுத்துவேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே விரலை வைத்துப் படித்தார்.

"ஐயா, இதைப் படிச்சீங்களா?"

இந்தத் தீர்ப்பு இனிமேலுக்குத்தான். இதுவரை செய்த திருத்தங்களை இப்போது கலைத்தால் நாடு முழுக்க நிலங்கள் குழம்பிவிடும். ஆகவே பழைய திருத்தங்கள், நம் சட்டத்தை எழுப்பி உட்கார வைத்த பதினேழாவது திருத்தம் உட்பட, செல்லும்.

அதிகாரம் இல்லாமல் செய்தது. இருந்தாலும் செய்தது செய்ததுதான். இனிமேல் செய்யக் கூடாது. நாட்டை நினைத்துப் பார்த்தால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள், அதைப் பெரிய சாமர்த்தியம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அதை நான் காதரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தத் தடவை அன்றைக்கே போனேன். அவர் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"தீர்ப்பு வந்துருச்சு பாய்."

"செயிச்சமா, தோத்தமாய்யா?"

"நாம சொன்னது சரின்னு சொல்லிட்டாங்க. பார்லிமெண்டுக்கு அதிகாரமில்லைன்னுட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்."

"ஆனா நெலம் நமக்கில்ல."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. நிஜமாகவே புரிந்துகொள்ளப் பார்த்தார்.

"அதிகாரமில்லாமப் பறிச்சுட்டாகன்னு சொல்றாக. பறிச்சது பறிச்சதுதான்னும் சொல்றாக."

"ஆமா."

"அப்ப யாருக்குய்யா செயிச்சுச்சு?"

"இனிமே வர்றவங்களுக்கு" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது கொட்டகை வாசலில் நின்ற ஹவ்வா பீவி உள்ளே போய்விட்டார்.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கோப்பைப் புரட்டினார். உபரி நிலம் பெற வேண்டியவர்கள் பட்டியல் முடிந்துவிட்டது. அதற்கு மனுப் போட வேண்டிய காலம் போன வருஷத்தோடு சரி என்றார். தீர்ப்பாயத்தில் அப்பீல் ஐந்து நிமிஷத்தில் தள்ளுபடியானது. நான் வாதாட எழுந்து, வாதாட ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தேன்.

நிலத்தை ஒப்படைக்க வேண்டிய நாளில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் கிராமக் கணக்குப் பார்க்கும் கர்ணமும் நிலம் அளக்கும் சங்கிலியோடு வந்தார்கள். நிலம் பெறுகிற நாலு குடும்பங்களும் வரப்பில் நின்றார்கள். சேரிக்காரர்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பண்ணையிலேயே கூலிக்கு உழைத்தவர்கள். அவர்களைப் பார்த்து ஆத்திரப்பட எனக்கு எந்த நியாயமும் இல்லை. அந்த மண்ணில் காதரைவிட அதிக நாள் குனிந்தவர்கள் அவர்கள்.

வெங்காயம் இன்னும் முற்றவில்லை. தாள் பச்சையாக நின்றது. இன்ஸ்பெக்டரிடம் போய், "இருபது நாள் குடுங்க. பயிரை மட்டும் எடுத்துக்கட்டும்" என்று கேட்டேன். "இன்னைக்கு ஒப்படைக்கணும்னு உத்தரவு சார். நான் என்ன செய்ய?" என்றார். ஒன்பதாவது அட்டவணை, பதினொரு நீதிபதிகள் என்று மூன்று வருஷம் பேசியவன், கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டரிடம் இருபது நாளுக்குக் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

வரப்பில் நின்றவர்களில் காளியம்மா என்று ஒரு பெண்பிள்ளை. புருஷன் இல்லாதவள், கிணற்றுப் பக்கத்து ஏக்கர் அவளுக்கு ஆகியிருந்தது. அவள் முன்னால் வந்தாள்.

"ஏஞ்சாமி, இன்னைக்கு எங்களுக்கு ஆயிருச்சுல்ல இந்த எடம்?"

"ஆமா, கையெழுத்து ஆயிருச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப நான் சொல்றேன். நட்டவரு எடுத்துக்கிட்டுப் போகட்டும். இருவது நாளுக்கு நாங்க கெணத்துப் பக்கம் வர மாட்டோம்."

மற்ற மூன்று குடும்பத்தாரும் தலையை ஆட்டினார்கள். இன்ஸ்பெக்டர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

நீங்கள் என்னிடம் அபிப்பிராயம் கேட்டீர்கள். திருத்த அதிகாரத்துக்கு எல்லை வேண்டுமா என்றால், வேண்டும். அந்தத் தீர்ப்பும் நிலைக்கவில்லை. ஆறு வருஷத்தில் இன்னும் பெரிய அமர்வு அதை மாற்றி, நீங்கள் வாதாடிய அடிப்படைக் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. அதுவும் நல்லதுக்குத்தான். ஆனால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு எந்தத் தேதிவரை தாங்கும் என்று முதலில் கேளுங்கள். பாதி கிடைக்கும்போது வாங்கிக்கொடுங்கள். பெரிய கேள்வியை எடுத்துக்கொண்டு டெல்லிக்குப் போக வசதியுள்ளவன் வருவான், அவனோடு போங்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் வக்கீலைவிட்டு ஆள் போய்விடுவான் என்று பயப்படாதீர்கள். போகட்டும். போனால் பிழைத்துக்கொள்வான்.

வெங்காயத்தை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிவிட்ட மறுநாள் காதர் மறுபடி சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார். அந்த வருஷமே அவர் மகனும் இறங்கினான். பேகம்பூரில் ஒரு ஒண்டுக்குடித்தனம். அந்தத் தெருவில் என்னைப் பார்த்தால், கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்கீகளா வக்கீலய்யா?" என்று கேட்பார். ஒரு தடவை திட்டியிருக்கலாம், முகத்தைத் திருப்பியிருக்கலாம். மனுஷன் அதைச் செய்யவே இல்லை. கடைசியில் நான்தான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டேன். அவர் மவுத்தாகி அடக்கமான செய்தி நாலு மாசம் கழித்துத்தான் எனக்கு வந்தது.